எழுபத்தைந்து பட்டன்கள்

சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பட்டன் தைக்கிறவர் அவர். பேஸ்பால் மைதானத்துப் பிள்ளைகளுக்கு ‘பட்டன் அக்கா’. அவருடைய பத்து வயது மகள்தான் அணியின் பிட்சர். மட்டை பிடித்தவருக்குப் பந்து வீசுகிறவள்.

சனிக்கிழமைகளில் அம்மா கம்பி வேலியோரம் நிற்பார். இடது பையில் எழுபத்தைந்து பட்டன். மகள் ஒரு பந்து வீசினால் ஒரு பட்டன் வலது பைக்கு மாறும். இடது பை காலியானதும் வேலியை இரண்டு தட்டுத் தட்டுவார்; மகள் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கிவிடுவாள். அந்த வயதுக் கைக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தாங்கும் என்று எங்கோ படித்துவிட்டுத் தொடங்கிய பழக்கம்.

படிக்க வைத்தது ஒரு கோபம். முன்பு பிட்சராக இருந்த பக்கத்து வீட்டுப் பையனை ஒரே ஆட்டத்தில் நூற்று முப்பது பந்து வீசவைத்தார்கள். அவன் முழங்கை நிமிராமல் போனது. உடனே, ‘அவனுக்கு எலும்பு வீக்’ என்று ஊரே தீர்ப்பெழுதியது. கையைக் கெடுத்துவிட்டு எலும்பின்மேல் பழி போடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

பயிற்சியாளர் இரும்புக்கடைக்காரர். வலித்தால்தான் கை உறுதிப்படும் என்பது அவர் கட்சி. இளமையில் அவரும் அப்படித்தான் வீசினாராம். இன்று வலது கை தோளுக்கு மேலே போகாது. இடது கையால்தான் தலை வாருவார். தன் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தோளிலேயே தொங்கவிட்டுக்கொண்டு அந்த மனிதர் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, மகள் இடது கையால் சாப்பிடுவதை அம்மா பார்த்தார்.

“எத்தனை நாளாடி வலிக்குது?”

“மூணு வாரமா. சொன்னா நிறுத்திடுவியே.”

அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். ஒரு பந்துகூடத் தவறவிடாமல் எண்ணியிருந்தாரே! செய்தி எட்டியதும் பயிற்சியாளர், எண்ணியும்தானே வலி வந்தது, எண்ணாமல் விட்டிருந்தால் கையாவது பழகியிருக்கும் என்றார். பக்கத்து வீட்டுப் பையனின் மடங்கிய கை கண்ணுக்குள்ளேயே நிற்க, அம்மா விடுப்பு எடுத்து மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், ஆட்டத்துக்கு முன்னால் எத்தனை பந்து வீசுவாள் என்று டாக்டர் கேட்டார். ஒரு முப்பது, நடுவில் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் எட்டு என்றார் அம்மா. “ஆனா அது கணக்குல வராதே டாக்டர். சும்மா கை சூடாகுறதுக்குத்தானே?”

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார். தினமும் வீட்டுச் சுவரில் நாற்பது பந்து எறிவதை அவள் தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டாள்.

“எது மேட்ச், எது சும்மான்னு முழங்கைக்குத் தெரியாதும்மா,” என்றார் டாக்டர்.

பிறகு படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். எலும்பின் நுனியில் வளர்கிற இடம் விலகவில்லை. ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு மறுபடி வீசலாம்.

வராந்தா பெஞ்சில் வந்து விழுந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

“ஏம்மா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்டி.”

போகிற வழியிலேயே இரும்புக்கடைக்கு ஏறினார். எக்ஸ்ரே படத்தைக் கடையின் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, எண்ணாமல் விட்ட பந்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பயிற்சியாளர் பழைய பல்லவியை எடுத்தார்.

“அண்ணே, அந்த வலது கைய ஒரு தடவை தலைக்கு மேல தூக்குங்க, பாப்போம்.”

அவர் தூக்கவில்லை. கல்லாவின் மேல் கிடந்த ஆணிகளைக் கொஞ்ச நேரம் வரிசைப்படுத்தினார். “எங்க காலத்துல எண்ண ஆளில்லம்மா,” என்றார்.

அந்த ஆறு வாரமும் மகள் ஒற்றைக் காலில் நிற்கவும், இடுப்பைத் திருப்பி முன்னால் அடியெடுத்து வைக்கவும் பழகினாள். வேகம் காலிலிருந்தும் வரும் என்பதை அவளுக்குப் பயிற்சியாளர்தான் சொன்னார். இத்தனை வருடம் அதை ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத்தான் தோன்றுகிறது.

அவள் திரும்பி வந்த சனிக்கிழமை, கை சூடேற்றும் முதல் பந்துக்கே பயிற்சியாளர் வேலிப் பக்கம் குரல் கொடுத்தார்: “எண்ண ஆரம்பிச்சாச்சா?”

ஆட்டம் சமநிலையில் இருந்தபோது பை காலியானது. அம்மா தட்டுவதற்குள் மகளே பந்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அணி தோற்றது. வீட்டில் மகள் வலது கையால் சாப்பிட்டாள். கேட்காமலே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.