காளவாசலில் ஒரு லேப்டாப் வாங்கினோம்

காளவாசலில் அந்தக் கணினிக் கடைக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், வரிசையில் நின்றது. எனக்கு முன்னால் ஒருவர் பிரிண்டர் மை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கை தூரம் விட்டு, நெதர்லாந்தில் பழகிய அடக்கத்தோடு நின்றேன். அந்த ஒரு கை தூரத்தை யாரும் வரிசை என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் அதற்குள் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சார்ஜர் கேட்டு ஒரு பெண், பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர். எல்லோருக்கும் வேலை முடிந்தது. "அக்கா, என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கடைக்காரரே கூப்பிட்ட பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு கடையில் எப்படி நிற்பது என்று மறந்துபோயிருக்கிறேன். எரிச்சலாக இருந்தது. யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவன் என் தம்பி முத்து. அவனியாபுரத்தில் சொந்தமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். நான் பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகச் சொன்னதும், "அக்கா, ஒரு லேப்டாப் எடுக்கணும். நீ வந்து பாத்துச் சொல்லு. காசு என்னோடது, கண்ணு மட்டும் உன்னோடது" என்று செய்தி அனுப்பியிருந்தான். அதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு லேப்டாப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பீர்கள். அதற்கு எங்கள் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் அவனும் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறவர்கள். ஐரோப்பா முழுக்க சாலைகளை வரைந்து வைத்திருக்கும் ஒரு விளையாட்டு. சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், அவ்வளவுதான். சண்டை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. எனக்கு மத்தியானமாகவும் அவனுக்குச் சாயங்காலமாகவும் இருக்கும் சனிக்கிழமைகளில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக இரண்டு லாரிகளில் போவோம். நெதர்லாந்தில் குடியிருக்கும் எனக்கு அங்கே நிஜமான கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. எங்கள் ஐந்தோவன் ஊருக்கு எந்த நெடுஞ்சாலையில் எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவனியாபுரத்தில் இருக்கும் என் தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். தொலைபேசியில் நம்மால் பேச முடியாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். அங்க மழையா?" "ஆமா." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுதான் கேட்கும். ஸ்டியரிங் கையில் இருந்தால் நாக்கு தானாக அவிழ்ந்துவிடுகிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் பட்டறை வேலை என்றதும் அவர்கள் முகம் சுளித்ததை முத்து எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜெர்மனி எல்லையைத் தாண்டும்போது என்னிடம் சொன்னான். வேலையிடத்தில் என்னை ஓரங்கட்டியதை என் கணவருக்கும் முன்னால் அவனிடம்தான் சொன்னேன். "விடுக்கா, லோடு ஏத்துனவன் எறக்கித்தானே ஆகணும்" என்றான். அதில் என்ன ஆறுதல் இருந்ததோ, அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைகள் நின்றுபோயின. முத்துவிடம் இருந்தது யாரோ ஆபீஸுக்கு வைத்திருந்து விற்ற பழைய லேப்டாப். விளையாட்டைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவனுடைய லாரி நடுரோட்டில் சிலையாக நிற்கும். திடீரென்று வயலுக்குள் கிடக்கும். "இந்த ரோட்டுல மரமெல்லாம் என்ன அழகுடா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "மரமா? எங்கக்கா?" என்றான். அவன் மிஷின் மரங்களைக் காட்டவே இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "என் லேப்டாப்தான்டா மக்கர் பண்ணுது, கண்டதையும் காட்டுது" என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு எப்போது விளையாட்டு நின்றாலும் பழியை என் லேப்டாப்மேல் போட்டேன். கடைசியில் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. மறுபடி "சாப்பிட்டியா" காலம் வந்தது. அந்த மாதங்களில்தான் ஐந்தோவன் எனக்கு உண்மையாகவே அந்நிய ஊராக இருந்தது.

ஆகவே காளவாசல் கடையில் நான் அரைமனதாக நிற்கவில்லை. கடைக்காரர் முத்துவின் கூட்டாளி. "யாருக்குக்கா, பையனுக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "அதெல்லாம் உனக்கு எதுக்கு மாப்ள? மிஷினைக் காட்டு" என்று முத்து வெட்டிவிட்டான். மேசையில் மூன்று வந்தன. முதலாவதில் புது ப்ராசசர், நிறைய ரேம், பெரிய ஸ்டோரேஜ், ஆனால் விளையாட்டின் படங்களைத் தீட்டும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இல்லை. இரண்டாவதில் கார்டு உண்டு. ப்ராசசர் நடுத்தரம், ரேம் பாதிதான். ஆள் தடிமன், தூக்கினால் கை இறங்கும். மூன்றாவது அதே கார்டும் அதே ரேமும் உள்ள ஒல்லி, விலை கொஞ்சம் ஏறும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவான கொள்கை இருக்கிறது. பின்னால் சேர்க்க முடிந்ததைக் குறைத்து வாங்கலாம். சேர்க்க முடியாததில் கை வைக்கக் கூடாது. காலி ஸ்லாட் இருந்தால் ரேமை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு பிறக்கும்போதே உடம்போடு வந்தால்தான் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் விளையாடுகிறவருக்கு அதிலும் உச்சத்தில் இருப்பது வேண்டாம், ஆரம்ப நிலை கார்டு போதும். இதையெல்லாம் சொல்லி முதலாவதை ஒதுக்கினேன். "கார்டு இல்லாம ரேமா குமிச்சு என்னத்துக்குக்கா, நீங்க சொல்றது சரிதான்" என்று கடைக்காரரும் தலையாட்டினார்.

இரண்டாவதை எடுக்கச் சொன்னேன். தடிமன் என்றாலும் உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கும், பட்டறைத் தூசியைத் தாங்கும், கீல் உறுதி. முத்து அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"வெயிட்டு எம்புட்டு இருக்கும் மாப்ள?"

"மேசையில கெடக்கப்போற சாமானுக்கு வெயிட்டு எதுக்குடா?" என்றேன்.

"இல்லக்கா, சார்ஜரே செங்கல்லு மாதிரி இருக்கு. இதைத் தூக்கிட்டு எங்க அலையுறது?"

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு. இவன் எங்கே அலையப்போகிறான்? நான் தூசியைச் சொன்னால் அவன் எடையைச் சொன்னான். நான் கீலைச் சொன்னால் அவன் சார்ஜரைச் சொன்னான். நடுவில் கடைக்காரரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் என்னவோ கேட்டான். விலை பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஐந்தோவன் கடை ஞாபகம் வந்தது. அங்கே என் லேப்டாப்பை வாங்கப் போனபோது, விற்பனைப் பையன் உயரமாக, காதில் வளையத்தோடு வந்து, எதற்காக வேண்டும் என்று கேட்டான். சனிக்கிழமை மட்டும் விளையாட என்றேன். நான் கை வைத்திருந்த மிஷினை மெதுவாக நகர்த்திவிட்டு, அதைவிட மலிவான ஒன்றைக் காட்டி "ஹெனூஹ்" என்றான். டச்சு மொழியில் போதும் என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நம்மூரில் போதும் என்று சொல்ல வேண்டியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். பரிமாறுகிறவர் சொன்னால் அது அவமானம். என் நிறத்தையும் சட்டையையும் பார்த்துவிட்டு, இவளால் இவ்வளவுதான் முடியும் என்று முடிவு கட்டிவிட்டான் என்று நினைத்தேன். வீம்புக்கு இருப்பதிலேயே பெரிய கார்டு உள்ளதைக் காட்டி, அதைக் கொடு என்றேன். அவன் குழம்பிப்போய் மறுபடியும் "ஹெனூஹ்" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கட்டினேன். பை ஒன்று சும்மா தருவாயா என்று கேட்டதற்கு, பைகள் விற்கும் அலமாரியை மரியாதையாகக் கைகாட்டினான். அந்த ஊரில் தேவைக்குமேல் விற்காமல் இருப்பதுதான் நல்ல கடைக்காரனுக்கு அழகு என்பது பின்னால், அண்டைவீட்டு அம்மாள் சொல்லித் தெரிந்தது. அந்த வீம்பில் வாங்கிய என் லேப்டாப் இன்றைக்கும் எதைப் போட்டாலும் அனாயாசமாக ஓட்டுகிறது.

காளவாசலில் கடைசியில் மூன்றாவது, அந்த ஒல்லிதான் முடிவானது. ரேம் போடக் காலி ஸ்லாட் இருந்ததால் நானும் விட்டுக்கொடுத்தேன். பையும் மவுசும் முத்து பேசி வாங்கினான். நான் எனக்கு வராது என்று நினைத்திருந்த குரலில், அடியில் வைக்கும் விசிறிப் பலகையையும் சும்மா கேட்டேன். "அக்காவுக்கு ஊரு ஞாபகம் வந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இனி சனிக்கிழமைகள் திரும்பிவிடும் என்று மனசு துள்ளியது.

பொங்கல் அன்று காலை. தெருவில் ஜல்லிக்கட்டு மைக் அலறிக்கொண்டிருந்தது. பானை பொங்கி இறக்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கிழக்குப் பார்த்துப் பாயில் உட்காரச் சொன்னாள். கல்யாணமாகிப் போன மகளுக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர். நான் வெளிநாடு போனதிலிருந்து அது என் வங்கிக் கணக்கில் வந்து விழும். கூடவே கரும்பின் புகைப்படம் ஒன்று செல்பேசிக்கு வரும். இந்த வருடம்தான் நேரில். முத்து பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் கொத்து, அரக்கு நிறத்தில் ஒரு சேலை. சேலைமேல், நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, காளவாசலில் வாங்கிய லேப்டாப்.

"எடுத்துக்கக்கா. உன்னோடதுதான் சரியில்லைன்னு எத்தனை தடவ சொன்னே. எனக்கு அது மனசுல கெடந்துச்சு. ஃப்ளைட்ல கையிலயே கொண்டுபோயிரலாம், அதான் வெயிட்டு கொறைச்சலாப் பாத்தேன். வெளிநாட்டுல ரிப்பேர் ஆனாலும் வாரண்டி உண்டான்னு கடையில மாப்ளகிட்ட கேட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அங்கே ஒரு யானை கட்டியிருக்கிறேன், இவன் எனக்குக் குதிரை கொண்டுவருகிறான். இவனுக்கோ ஓடாத அந்தப் பழைய மிஷின்தான் மிச்சம். இதை நான் வாங்கிக்கொண்டு போனால் சனிக்கிழமைகள் இனி கிடையவே கிடையாது. "டேய், இதை நீ வெச்சுக்கடா" என்று வாய்வரை வந்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"சீரைத் திருப்பிக் குடுத்தா பொறந்த வீடே வேணாம்னு அர்த்தம். பேசாம மடியில வாங்கு."

முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பில் என் பெயரைப் பதிந்தேன். விளையாட்டை ஏற்றி, அதிலும் ஓட்டுநர் பெயர் செல்வி என்று எழுதினேன். எல்லாம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"என் கல்யாணப் பட்டுச்சேலை எங்கம்மா?"

"பீரோல. நாந்தானே வருசா வருசம் பிரிச்சு ஆறப் போட்டு மடிக்கிறேன். இல்லாட்டி மடிப்புல இத்துப்போகும்ல?"

"அது யாரோட சேலை?"

"ஒஞ்சேலைதேன். இதென்ன கேள்வி?"

"அப்ப இந்த லேப்டாப்பும் என்னோடதாவே இங்க இருக்கட்டும். பொறந்த வீட்டுல என் பொருள் இருக்கக் கூடாதா? ஆனா சும்மா மூடி வெச்சா பேட்டரி செத்துரும். வாரத்துக்கு ஒருக்கா, சனிக்கிழமை சாயங்காலம் யாராச்சும் ஓட்டணும்."

அம்மா யோசித்தாள். இதில் குற்றம் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. கரும்பை ஒடிக்கப் போய்விட்டாள். முத்து லேப்டாப்பை இழுத்து, விளையாட்டைத் திறந்து, கொஞ்ச தூரம் லாரியை ஓட்டினான். அவன் கை நின்றது.

"அக்கா, இதுல மரமெல்லாம் இருக்கு."

திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மக்கர் பண்ணியது யாருடைய லேப்டாப் என்று அவனுக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. காது சிவந்து, குனிந்து மவுசைத் துடைத்தான். பிறகு, "வாரத்துக்கு ஒருக்கா ஓட்டணும், அம்புட்டுத்தானே? ஓட்டிட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு, உன் பொருளுக்கு உன் பேருதான். அதை நான் மாத்த மாட்டேன்" என்றான்.

ஐந்தோவன் திரும்பிய முதல் சனிக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் லாரி பல மாதங்களுக்கு முன்னால் விட்ட இடத்திலேயே, ஜெர்மனியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது. சாலையில் இருப்பவர்களின் பெயர்கள் திரையின் ஓரத்தில் தெரியும். செல்வி என்று ஒன்று இருந்தது, அது நான். அதற்குக் கீழே இன்னொரு செல்வி.

"அக்கா, நான் உங்க ஊருக்கே வந்துட்டேன். நீ எங்க கெடக்கே?"

ஜன்னலுக்கு வெளியே ஐந்தோவன் அமைதியாக இருந்தது. இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. திரைக்குள் இருந்த ஐந்தோவனில், அவனியாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, செல்வி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். "வாரேன்டா, அங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு, என் ஊரைப் பார்த்து லாரியைக் கிளப்பினேன்.