பலகையில் இல்லாத கள்ளு

அப்பம் விற்கும் வண்டிலைத் தொடங்குவதற்கு முன் நான் நான்கு பட்டியல்கள் எழுதினேன். வாங்க வேண்டிய சாமான்கள், அனுமதி எடுக்க வேண்டிய இடங்கள், பின்னேர வேலை ஒழுங்கு, பிழையாகப் போகக்கூடியவை. நான்காவதுதான் எல்லாவற்றிலும் நீளம். மழை, கடல்காற்று, இடைநடுவில் காஸ் முடிவது, அக்காவுக்குக் காய்ச்சல், தெருவில் திரியும் மான்கள் சம்பல் வாளிக்குள் வாய் வைப்பது என்று எல்லாம் அதில் இருந்தன. எங்களை நம்பிச் சாப்பிட்டவர்கள் அதைச் சாப்பிட்டிருக்கவே கூடாது என்று ஒரு நாள் தெரியவரலாம் என்பது மட்டும் இருக்கவில்லை.

பகலில் நான் குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர். குச்சவெளிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்தும் வெருகல் பக்கத்துக் குழாய்களிலிருந்தும் போத்தல்களில் தண்ணீர் வரும். எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்று ஒட்டுத்தாளில் இல்லாவிட்டால் அந்தப் போத்தலை நான் தொடமாட்டேன். வண்டில் போடுவதற்குக் கந்தோரில் எழுத்தில் அனுமதி கேட்டபோது பொறுப்பதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“பிள்ளை, காலமை தண்ணியில கிருமி தேடுறீர். பின்னேரம் மாவில கிருமி வளக்கப் போறீர். ஒரு பக்கம் நில்லும்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலேகாலுக்கு வேலை முடியும். ஐந்து மணிக்கு அப்பம் சுடும் முதல் தாச்சி சூடாக வேண்டும். இடையில் உள்ள முக்கால் மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றி, மாப்பானையைத் தூக்கி, அக்காவுடன் வண்டிலைத் துறைமுக வீதிக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அக்கா தையல் வேலை செய்பவள். வண்டிலை நம்பிப் பின்னேரத் தையலை நிறுத்தியிருந்தாள். அவள் சுடுவாள். நான் சம்பல், முட்டை, பொதி, பேச்சு எல்லாவற்றையும் பார்ப்பேன்.

எங்கள் வீட்டு அப்பத்துக்கு ஊரில் கொஞ்சம் பேர் உண்டு. அதன் நடு பஞ்சு மாதிரி இருக்கும், விளிம்பு தொட்டால் நொறுங்கும். அதற்குக் காரணம் கள்ளு. காலையில் அப்பா சைக்கிளில் கள்ளுத் தவறணைக்குப் போய் ஒரு சின்னப் போத்தல் வாங்கி வருவார். அப்ப மாவுக்கு என்று அவர் சொல்லித்தான் வாங்குவார்; அங்கே ஒருவரும் நம்பியதில்லை. அந்தக் கள்ளை விட்டுக் கலக்கிய மா பின்னேரம் பானையின் மூடியைத் தூக்கும்.

வண்டிலில் விலைப்பட்டியலுடன் இன்னொரு பலகையும் வைத்திருந்தேன். அதில் அப்பத்தில் என்னென்ன சேர்கிறது என்று எழுதியிருந்தது. பச்சையரிசி மா, தேங்காய்ப்பால், சீனி, உப்பு. முட்டை அப்பம் என்றால் முட்டை. துறைமுகத்தில் வேறெந்த வண்டிலிலும் அப்படி ஒரு பலகை இல்லை. அந்தப் பலகையில் எனக்கு இருந்த பெருமையை அக்கா நக்கலடிப்பாள்.

“மருந்துக்கடை எண்டு நினைச்சு ஆரும் பனடோல் கேக்கப் போகினம்.”

தொடங்கி இரண்டாவது கிழமையில் கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் அண்ணர் ஒருவர் வந்தார்; நாங்கள் நானா என்போம். இயந்திரப் படகு திருத்தும் பட்டறையில் வேலை. கையில் எண்ணெய்க் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நகத்தில் கறுப்பு போகாத மனிதர். முதல் நாள் பலகையை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு இரண்டு முட்டை அப்பம் கேட்டார். அடுத்த நாள் மூன்று பேருடன் வந்தார். பிறகு பட்டறை முழுவதும் வந்தது. பிறகு மூதூர், கிண்ணியா பஸ்ஸுக்கு நிற்பவர்களும். இரண்டு மாதத்தில் எங்கள் பானையில் பாதிக்கு மேல் அவர்களுக்கே போனது.

ஒரு வியாழக்கிழமை நானா பாதி அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். எங்கட ஊட்ட அவ ஈஸ்ட் போட்டுத்தான் சுடுற. பேக்கரிப் பாண் மணம் அடிக்கும். உங்கட அப்பத்தில அந்த மணம் இல்லியே. என்னத்தப் போட்டுப் புளிக்க வைக்கிறீங்க?”

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன்.

“அது நானா, காலமை ஆறு மணிக்கு…”

சொல்லும்போதே அந்த வரி எங்கே எழுதியிருந்தது என்று நினைவு வந்தது. என் குறிப்புக் கொப்பியில் அப்பத்துக்கு இரண்டு நிரல்கள். இடது பக்கம் பொருட்கள், வலது பக்கம் செய்முறை. ‘காலை ஆறு மணி: கள்ளு விட்டுக் கலக்கி மூடி வைக்கவும்’ என்பது வலது பக்கத்தில் இருந்தது. பலகை எழுதுபவரிடம் நான் இடது நிரலை மட்டும் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் கள்ளு ஒரு பொருளாகவே யாருக்கும் தோன்றியதில்லை. அது மா புளிப்பதற்கான வழி, அவ்வளவுதான். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேருக்கும் அது ஹராம் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

அக்காவின் அகப்பை தாச்சிக்கு மேலே அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணால் ‘வேண்டாம்’ என்றாள்.

“கள்ளு நானா,” என்றேன். “கொஞ்சம்தான் விடுறனாங்கள். பலகையில எழுதேல்ல. என்ர பிழை.”

நானா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். தட்டை வண்டிலின் ஓரத்தில் வைத்தார். கைகழுவும் தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்தார், மூன்று தரம். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர்தான் கதைத்தார்.

“எல்லாத்தையும் எழுதி வச்சிரிக்கீங்க. இத மட்டும் ஒளிச்சிரிக்கீங்க.”

“ஒளிக்கேல்ல. விடுபட்டுப் போச்சு.”

“சாப்பிட்டவனுக்கு ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி,” என்றார் நானா. கொஞ்சம் நடந்தவர் திரும்பி, “கேட்ட உடன சொன்னீங்க, அது நல்லம்,” என்றார். ஐந்து பேரும் பஸ் தரிப்பிடத்துக்குப் போனார்கள்.

தாச்சியில் இருந்த அப்பம் கருகிவிட்டது.

“ஈஸ்ட் எண்டு சொன்னா உன்ர வாய் கோணிப் போயிருக்குமே?” என்றாள் அக்கா.

“சொல்லிப்போட்டு நாளைக்கும் கள்ளு விடுறதே?”

“நாளையில இருந்து விடாமல் விட்டிருக்கலாம்தானே.”

“இண்டைக்கு வரைக்கும் சாப்பிட்டதுக்கு?”

அவள் கருகிய அப்பத்தைக் குப்பைப் பெட்டிப் பக்கம் வீசினாள். ஒரு மான் வந்து அதைத் தின்றது. “பார்,” என்றாள் அக்கா, “அதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.” இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி.

செய்தி அன்றைய கிண்ணியா பஸ்ஸிலேயே ஏறிப் போயிருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பாதிப் பானை மா மிஞ்சியது. இப்படியே போனால் மாத முடிவில் வண்டிலுக்கு மேலே படங்கைப் போட்டு மூடிவிட்டு அக்கா தையல் மெசினுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் மெசினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்ததை நான் கண்டேன்.

தாச்சிச் சூட்டில் கள்ளு ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று எனக்குள் ஒரு வாதம் இருந்தது. இலக்கங்களோடு சொல்லவும் முடியும். ஆனால் எதைச் சாப்பிடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள். அதை இரண்டு மாதமாக அவர்களுக்குப் பதிலாக நான் முடிவுசெய்திருந்தேன். வண்டிலை ஒன்பது நாள் நிறுத்தினேன்.

ஈஸ்ட் மட்டும் போட்டால் நானா சொன்ன பாண் மணம் வந்தது. கூட்டினால் நடு பொங்கி விளிம்பு தோலானது. குறைத்தால் அப்பம் தோசையாக எண்ணம் கொண்டது. மாவை அரிக்கும்போது மிஞ்சும் கப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, புதுத் தேங்காய்த் தண்ணீரும் சீனியும் ஒரு நகநுனி ஈஸ்ட்டும் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிண்ணத்திலும் இலக்கம், நேரம், குசினியின் வெப்பநிலை. பதினோராம் கிண்ணத்தில் மணம் போனது, விளிம்பு நொறுங்கியது. அது கள்ளப்பம் இல்லை. அதற்குப் பக்கத்து வீட்டு அப்பம்.

தாச்சிகள் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. வண்டிலில் இருந்தவை அம்மாவின் நான்கு இரும்புத் தாச்சிகள். வருடக்கணக்காகப் பழகியவை, மா ஒட்டவே ஒட்டாது.

“தாச்சி என்னடி பாவம் செய்தது?” என்றார் அம்மா. “சாம்பல் போட்டுத் தேய்ச்சாப் போச்சு.”

ஆய்வுகூடத்தில் அப்படித் தேய்த்த போத்தல் ஒன்றை நான் ஏற்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். தாச்சிகளை வீட்டு அடுப்புக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக நான்கு தாச்சியும் இரண்டு மாப்பானையும் வாங்கினேன். புதுத் தாச்சி மாவைக் கடித்துப் பிடிக்கும். எண்ணெய் தடவிக் காய்ச்சி, முட்டை ஊற்றிச் சுரண்டி, தேங்காய்ப்பூ வறுத்துக் கொட்டி, மறுபடி எண்ணெய் தடவி நாங்கள் பழக்கினோம். முதல் நாற்பது அப்பமும் துண்டு துண்டாகத்தான் வந்தன. வீட்டில் எல்லாரும் காலை, மத்தியானம், இரவு அதையே சாப்பிட்டோம். தவறணைப் போக்கு நின்றதில் அப்பாவுக்கும் கொஞ்சம் துக்கம்.

பலகையைப் புதிதாக எழுதுவித்தேன். இந்த முறை கொப்பியின் இரண்டு நிரல்களும். அடியில்: ‘முன்பு கள்ளு சேர்த்தோம். இப்போது சேர்ப்பதில்லை. தாச்சிகளும் பானைகளும் புதியவை.’

“அந்த ‘முன்பு’ என்னத்துக்கு?” என்றாள் அக்கா. “ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறியோ?”

“தெரியாமல் சாப்பிட்டவை இன்னும் இருப்பினம்தானே.”

வண்டிலை மறுபடி போட்ட அன்று, வழமையாக வரும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் பலகையை வாசித்துவிட்டு, “அப்ப இவ்வளவு நாளும் நான் குடிச்சுப்போட்டே வீட்ட போயிருக்கிறன்? மனிசி சொன்னது சரிதான்,” என்றார். கள்ளில்லாத அப்பம் தனக்கு வேண்டாம் என்று போனவர் மூன்றாம் நாள் வந்துவிட்டார்.

பட்டறை ஆட்கள் வரவில்லை. நானாவைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டு, போய்ச் சொன்னேன். “நானா, சாப்பிட வாங்கோ எண்டு கேக்க வரேல்ல. ஞாயிற்றுக்கிழமை காலமை வீட்ட மா கலக்கிறம். உங்கட ஆக்கள் ஆரும் வந்து பாக்கலாம்.”

“நான் பாத்து என்னத்த விளங்கப் போற?” என்றார். “அவவ அனுப்புறன்.”

அவருடைய மனைவி தன் மதினியுடன் வந்தார். குசினியில் கதிரை போட்டுக் கொடுத்தோம், அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து மணந்தார். தேங்காயை என்னைக் கொண்டு தன் முன்னால் உடைப்பித்தார். அம்மாவின் பழைய தாச்சிகள் எங்கே என்று கேட்டு, வீட்டு அடுப்படியில் கண்டுகொண்டார். எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. போகிற நேரம் சுவரில் தொங்கியதைக் காட்டினார்.

“இந்தச் சிரட்டை அகப்பை?”

அகப்பை பழையது; அன்று மா கலக்கியதும் அதால்தான். எத்தனையோ வருட மாவைக் குடித்த அகப்பை. என் பட்டியலில் அது இல்லை.

“பட்டியல்காரி!” என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அகப்பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். கலக்கிய மாவை அவர்கள் முன்னாலேயே வெளியே கொட்டிவிட்டு, புதிய கரண்டியால் முதலிலிருந்து தொடங்கினேன். மா புளித்துச் சுடும்வரை நானாவின் மனைவி நிற்கவில்லை. “நான் பாத்தத அவருக்குச் சொல்றன்,” என்றுவிட்டுப் போனார்.

திங்கள் பட்டறை ஆட்கள் ஒருவரும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை ஐந்தரைக்கு நானா தனியாக வந்தார். பலகையை மேலிருந்து கீழே, ‘முன்பு’ என்ற வரி வரைக்கும், விரல் வைத்து வாசித்தார். பிறகு இரண்டு முட்டை அப்பம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் முட்டைகளை அடுக்கினேன்.

“முந்தினதுதான் ருசி,” என்றார்.

“ஓம் நானா. தெரியும்.”

“ஆனா இதத்தான் ஊட்டுக்குக் கொண்டு போக ஏலும். ஆறு சுத்துங்க, சம்பல் புறம்பா. அவ சொல்லி விட்டவ. கெதியாச் செய்ங்க தங்கச்சி, பஸ் வெளிக்கிடப் போவுது.”

அதுவரைக்கும் அவர் எங்கள் அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அக்கா நான்கு தாச்சியிலும் ஒரே நேரத்தில் மாவை ஊற்றிச் சுழற்றினாள். பஸ் ஹோர்ன் அடித்தது. ஆறு அப்பத்தையும் ஒரு விளிம்புகூட உடையாமல் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.