மேசையில் காத்திருந்த ரத்தம்

ஊசியக்காவின் கைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நல்ல பேர். பதினேழு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள், எடுத்து முடித்த பிறகும் "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டவர்கள் ஏராளம். வாய்க்கும் பேர் உண்டு. பெரிய டாக்டரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

அவளுக்கு ஆகாத ஒரே வியாதி செப்சிஸ். கிருமியோடு சண்டைக்குக் கிளம்பிய உடம்பு நிதானம் தப்பித் தன்னையே அடித்துக்கொள்ளும். வெளியே தெரிவதற்குள் பல சமயம் காரியம் கைமீறிவிடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் கணினிக்காரப் பெண் வந்திருந்தாள். நோயாளிகள் முந்நூறு பேர், நலமானவர்கள் முந்நூறு பேர். யார் ரத்தத்தில் எந்த மரபணு சுறுசுறுப்பாக இருக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று காட்டினால், வித்தியாசத்தைக் கணினியே கற்றுக்கொள்ளுமாம். அறுநூறு பேருக்கும் ரத்தம் எடுத்தது அக்காதான்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். "ஏழே ஏழு மரபணு அக்கா! அறுநூறுல நாலுதான் தப்பு. அடுத்த மாசம் வார்டுல வச்சுப் பார்க்கப் போறோம்."

"அந்த நாலு பேரு யாரு?"

நால்வரும் நலமானவர்கள், கணினி அவர்களை நோயாளி என்றிருந்தது. அக்கா தன் நோட்டைப் புரட்டினாள். நால்வருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்திருந்தாள். கேன்டீன் மூடியிருந்த நாள் அது.

நோயாளியின் ரத்தம் என்றால் ஓடிப்போய் உறைபெட்டியில் வைப்பாள். நலமானவர்களுடையது மேசையில் கிடக்கும். அவள் டீ குடித்துவிட்டு வந்து வைப்பாள். அன்று டீ இல்லை, உடனே வைத்துவிட்டாள். கணினி கண்டுபிடித்தது வியாதியை அல்ல, அவளுடைய டீயை! குழாய்க்குள் கிடக்கும் ரத்தம் அரைமணி நேரத்தில் இத்தனை மாறுமா? பதினேழு வருஷம் தொட்ட பொருள்தான், அன்றைக்கு அதைப் பார்க்கவே அவளுக்கு மெய்சிலிர்த்தது.

சொன்னால் இரண்டு வருஷ உழைப்பும் அவள் பேரும் போச்சு. சொல்லாவிட்டால் வார்டில் யாராவது சாவார்கள். சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுதாள். பெரிய டாக்டர் "முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றார்.

மறுபடி அறுநூறு பேர், மறுபடி இரண்டு வருஷம். எல்லாக் குழாயும் பத்து நிமிஷத்தில் பெட்டிக்குள். இந்த முறை நூற்றுக்கு எண்பத்தாறுதான் சரி.

"இதத்தான் நம்ப முடியுது" என்றாள் அக்கா.

வார்டில் முதலில் சிக்கியவர் ஒரு லாரி டிரைவர். காலில் வெட்டுக்காயம், காய்ச்சல் இல்லை, நர்சுகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். கணினி ஆபத்து என்றது. டாக்டர் கொஞ்சம் யோசித்தார், மருந்தை ஏற்றச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, டிரைவரிடம் அன்றே எடுத்திருந்த ரத்தத்தில் கிருமி வளர்ந்திருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த மனுஷனுக்கே தெரியாததை அவர் ரத்தம் சொல்லியிருக்கிறது. அக்கா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள்.

குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போது டிரைவர் அவளை நிறுத்தினார். "ஆளாளுக்கு வந்து என்னையே பார்க்குறாங்க. எனக்கு அப்படி என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே" என்றாள் அக்கா.