மின்னிய வீலும் கை காட்டிய ஜீப்பும்

எங்கள் பழைய காரின் அலாய் வீல்கள் மலைரோட்டு ஓரக்கல்லில் உரசி உரசி அசிங்கமாகிக் கிடந்தன. கடையில் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று உப்புத்தாள், பட்டி, ஸ்பிரே பெயின்ட் வாங்கி, வீல்களைக் கழற்றிப்போட்டு நானே இறங்கினேன். டயரில் பெயின்ட் படாமலிருக்க, வீட்டில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வீலைச் சுற்றிச் செருகினேன். நட்டு உட்காரும் குழிகளும் அழகாக இருக்கட்டுமே என்று அங்கேயும் கெட்டியாக அடித்தேன். திரும்ப மாட்டியபோது நாலு வீலும் புதுசாக மின்னின.

மறுநாள் கணவருடன் ஏலத்தோட்டத்திலிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கினோம். நான்தான் ஓட்டினேன். தோட்டவேலை முடிந்து பின்னால் ஜீப்பில் வந்த பெண்கள், எங்கள் வீலைக் கை காட்டி ஏதோ கத்தினார்கள்.

"பாத்தீங்களா, எல்லாரும் என் வேலையத்தான் பாக்குறாங்க" என்றேன் கணவரிடம்.

அடுத்த வளைவு தாண்டியதும் ஜீப் பக்கத்தில் வந்தது. "யக்கா, வெரசா நிப்பாட்டுங்க! பின்வீலு ஆடுது!"

இறங்கிப் பார்த்தால், நட்டுகள் கையாலேயே சுழன்றன. அடியிலிருந்த பெயின்ட் நொறுங்கி உதிர்ந்ததில் பிடி தளர்ந்திருந்தது. ரோட்டோரம் கிடுகிடு பள்ளம். கணவர் ஸ்பேனரை எடுத்து நாலு வீலின் நட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினார்.

குழிகளிலிருந்த பெயின்டை மறுநாளே சுரண்டிவிட்டேன். இப்போதெல்லாம் குழிகளைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் அடிக்கிறேன். வீலை மாட்டிக் கொஞ்சதூரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்குகிறேன்.

"வீலு புதுசா?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சந்தோஷம்தான். ஆனால் பதில் சொல்வதற்குள் குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.