இருபத்து மூன்றாவது கைநாட்டு

1993 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ராஜபாளையத்திலிருந்து செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போனேன். சுற்றுலா என்று சொல்லித்தான் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினேன். உண்மையில் அது ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன பயணம். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவள் ஷமீமா. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் அத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ராஜாக்களும் கம்பெனிக்காரர்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களை நான் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். "டீச்சர், ராஜாவுக்கெல்லாம் முன்னாடியே மலையில பளியர் இருந்தாகன்னு நீங்கதான சொன்னீங்க. அவியகூட யாரு ஒப்பந்தம் போட்டா?" என்றாள். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. தெரியாது என்று சொல்ல வாத்தியார்களுக்கு அவ்வளவு சுலபமாக வாய் வருமா? "நேர்ல போய்க் கேப்போம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

வாடகை வேன் 250 ரூபாய். காலை 6.15க்குக் கிளம்பினோம். பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். வயல்களின் மேல் பனி இறங்கியிருந்தது. அடிப்பகுதி தெரியாமல் கோபுரம் மட்டும் மிதந்துகொண்டு எங்கள் கூடவே வந்தது. வேனுக்குள் அத்தனை பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பை எடுத்தாலும் நடக்காத காரியம் அது. ஏழு மணிக்கு ஆளுக்கு மூன்று இட்லி. அங்கிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர், மாந்தோப்புகளுக்கு நடுவே மண்சாலை.

வேன் டிரைவருக்குத்தான் மனசே ஆறவில்லை. "பால்கோவா வாங்கிக் குடுத்துட்டு, கோயிலைக் காட்டிட்டு வீட்டுக்குப் போவமா, அத விட்டுட்டு... காட்டுல போயி என்ன சரித்திரம் டீச்சர்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

வனத்துறைச் சாவடியில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு நடந்தோம். எட்டரை மணி. மழை பெய்து முடிந்த மாதம் என்பதால் ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். பூனை அளவுக்குச் சாம்பல் நிற அணில் ஒன்று, உடம்பைவிட நீளமான வாலோடு, கிளைக்குக் கிளை எங்களுக்கு முன்னால் போனது. வெயில் இலைகளுக்குள் இறங்கிப் பச்சையாகத் தரைக்கு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காலைப்பொழுது முழுவதும் தூக்கத்தில் நடந்ததுபோலத்தான் இருக்கிறது.

பளியர் குடியிருப்பின் தலைவர் சன்னாசி ஓடைக்கரையில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முந்தின வாரமே சாவடிக் காவலர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். குடியிருப்புக்குள் எங்களைக் கூட்டிப் போகவில்லை. "வீடுகள வேடிக்கை பாக்க என்ன இருக்கு, வாங்க" என்று நேராக ஒரு பாறைக்கு அழைத்துப் போனார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். நடுவில் தேனடை இருந்த இடங்கள் கறுப்புத் தழும்புகளாகத் தெரிந்தன.

"கயித்தைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் தொங்குவான். மேல ஒருத்தன் கயித்தப் புடிச்சிருப்பான். மேல இருக்கவன் யாரா இருக்கணும், சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"பலசாலி!" "அண்ணன் தம்பி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"மச்சினன். பொண்டாட்டி கூடப்பெறந்தவன். கயித்த விட்டா அவன் அக்காதான தாலி அறுப்பா? அதனால விடமாட்டான். எங்க ஆளுக்குள்ள ஒப்பந்தம் அம்புட்டுதான். காயிதம் கெடையாது."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தயார் செய்த சார்ட் என் பையில் இருந்தது. 'மலை மக்களும் ஏழாம் வகுப்பும் செய்துகொண்ட ஒப்பந்தம்' என்று வண்ண எழுத்தில் தலைப்பு. பள்ளி அலுவலகத்திலிருந்து ஸ்டாம்ப் பேடும் கொண்டுபோயிருந்தேன். எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தோன்றியது. பேடைத் திறந்து, "இதுல ஒங்க கைநாட்டு வேணும்" என்று நீட்டினேன்.

சன்னாசி இரண்டடி பின்னால் போய்விட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கப்பா ஒருக்கா வச்சாரு" என்றார். "தேன் குத்தகைக்கு வந்த ஆளு. காயிதத்துல ஒண்ணு இருந்துச்சு, வாயால வாசிச்சது வேற ஒண்ணு. அந்தச் சரிவுப் பக்கமே பொறவு எங்கள விடல. அதுலருந்து நாங்க மை தொடுறதில்ல."

பலகை நிறைய ஒப்பந்தங்கள் எழுதிப்போட்ட எனக்கு, எழுதியதை வாசிக்கத் தெரியாத தரப்பு ஒன்றும் ஒப்பந்தத்தில் உண்டு என்று அதுவரை தோன்றவே இல்லை. பேடை மூடப் போனேன். ஷமீமாதான் விடவில்லை. "அப்ப நீங்க சொல்லுங்க. நாங்க எழுதுறோம். நாங்க கைநாட்டு வைக்கோம்" என்றாள்.

சன்னாசி உட்கார்ந்து மூன்று விஷயம் சொன்னார். நாலு மணிக்குள் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். கல்லோ இலையோ, கேட்காமல் எடுக்கக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தேன் விக்க டவுனுக்கு வருவோம். அங்க எல்லாரும் ஏலேன்னுதான் கூப்புடுதாங்க. எங்களுக்கும் பேரு இருக்கு. பாத்தா பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

சார்ட்டைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் ஷமீமா எழுதினாள். எழுதியதை இரண்டு முறை உரக்க வாசித்தாள். "சரியா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகு, பிள்ளைகள் வரிசையாக வந்து பெருவிரலைப் பதித்தார்கள். நான் பேடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றரைக்குச் சாவடிக்கு வந்துவிட்டோம், ஆறு மணிக்கு வீடு. அந்த சார்ட் வகுப்புச் சுவரில் தொங்கியது.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் தலைமையாசிரியையோடு கடைவீதியில் நடந்துகொண்டிருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே, தேன் டின்னோடு சன்னாசி. யாரோ, "ஏலே, வழியில நிக்காத, தள்ளுலே" என்று அதட்டினார்கள். அவர் நகர்ந்தார், நகரும்போது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தில் தலைமையாசிரியை. இவரை எப்படித் தெரியும் என்பார், விளக்கம் சொல்ல வேண்டும், வெயில் வேறு. இப்படித்தான் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது. நான் ஜவுளிக் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, வாங்கப் போகாத சேலை ஒன்றை உற்றுப் பார்த்தேன்.

பின்னால் ஒரு குரல், வீதியே திரும்பும் அளவுக்கு.

"சன்னாசி அண்ணாச்சி! வாங்க, கடைக்குள்ள வாங்க. அத்தா, இவியதான் சன்னாசி அண்ணாச்சி!"

நான் திரும்பவில்லை. வெட்கக்கேடு என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை ஷமீமா என் மேசைக்கு வந்தாள். என்னை அன்றைக்குப் பார்த்தாளா இல்லையா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "டீச்சர், சார்ட்ட எண்ணிப் பாத்தேன். இருபத்திரண்டு கைநாட்டுதான் இருக்கு. அன்னைக்கு நீங்க பேடைப் புடிச்சிருந்தீகளா, அதான் வைக்க மறந்துட்டீக" என்றாள். என்னைக் காப்பாற்றவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தாள் அந்தப் பிள்ளை.

அடுத்த ஞாயிறு தனியாகக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து வாடகை சைக்கிள், சாவடியிலிருந்து நடை. கையில் சுருட்டிய சார்ட்டும் ஸ்டாம்ப் பேடும். ஓடை வற்றி, கற்கள் வெளுத்துக் கிடந்தன. ஜனவரியில் பார்த்த பச்சை வெளிச்சத்தைக் காணவில்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் கூட வந்தது.

சன்னாசியை ஓடைக்கரையிலேயே பார்த்தேன். "சன்னாசி அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்களப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி நின்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அவர் முன்னால் சார்ட்டை விரித்து, மூன்று விஷயத்தையும் உரக்க வாசித்து, பெருவிரலைப் பதித்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது யாரு கைநாட்டுன்னு சொல்ல? ஒங்க பேரு என்ன டீச்சர்?"

ஜனவரியில் ஒரு நாள் முழுவதும் அவரோடு இருந்தும் என் பெயரை நான் சொல்லவே இல்லை. சொன்னேன். விஜயா. அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "விஜயா டீச்சர், மணி மூணாச்சு. வாங்க, சாவடி வரைக்கும் வாரேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மழை முடிந்த தை மாதம் நல்லது. கோடையில் தண்ணீர் கொண்டுபோங்கள். நாலு மணிக்குள் திரும்புங்கள், யானை நடமாட்டம் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் புத்தகமும் சார்ட்டும் தாராளமாக எடுத்துப் போங்கள், தப்பில்லை. அங்கே இருப்பவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.