ஓகே ஷீட்டுல குறைஞ்ச ஒரு ஆள்

பேய் பிசாசுன்னு பேசுறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனாலும் வெடி விபத்துல இடிஞ்சு கெடக்குற பட்டாசுக் கம்பெனி வழியாத்தான் தெனமும் தனியா வேலைக்கு நடந்து போறேன், ஒரு நாளும் ஒண்ணையும் கண்டதில்ல. இதைப் படிச்சிட்டு நீங்களும் எங்க மொதலாளி மாதிரி என்னைய ஒரு மாதிரி பாக்கலாம். பாத்துட்டுப் போங்க. நடந்தது நடந்ததுதான்.

திருத்தங்கல்ல காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ல பதினெட்டு வருசமா ஷீட் பாக்குறேன். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் முதல்ல வர்ற நல்ல ஷீட்டுல மொதலாளி கையெழுத்துப் போடுவார். அதுக்குப் பேரு ஓகே ஷீட்டு. அதைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு, ஓடி வர்றதுல அப்பப்ப ஒண்ணை உருவி, கலரும் எழுத்தும் அதே மாதிரி இருக்கான்னு பாக்கணும்.

போன வருசம் தீபாவளி முடிஞ்சதும் ஒரு சின்ன ஆர்டர். ஆஸ்திரியா நாட்டுல மலைக்கு நடுவுல ஒரு கிராமம், பேரு வாயில நுழையாது. அங்க ஓட்டல்ல சமையல் வேலை பாக்குற நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர், அந்த ஊர்க்காரங்களுக்கு வீட்டுக்கு ஒண்ணு குடுக்க ஒத்தை ஷீட் காலண்டர் கேட்டிருந்தார். மேல ஊரோட படம். மூணு பக்கமும் பனி மலை, நடுவுல ஓடை, ஓடையோரமா மர வீடுக, ஒரு சர்ச். கீழ ஊரைப் பத்தி அவங்க பாஷையில நாலு வரி. மொதலாளிதான் அவர்கிட்ட கேட்டு அர்த்தம் சொன்னார். ஊரு எம்புட்டு உயரத்துல இருக்கு, எது காடு, எது மேய்ச்சல், கடைசியா ஜனத்தொகை 412. மொத்த ஊரும் எங்க தெருவுக்குக் காணாதேன்னு சிரிச்சோம்.

காலையில பதினோரு மணி, நல்ல வெயில். கேட்ட அளவு ஓடி முடியப் போற நேரம். ஒண்ணை உருவினா 411ன்னு இருக்கு. அடுத்ததும் 411, முன்னாடி அடிச்சதும் 411. மெஷின் ஓட்டுற மாரியப்பன் நிறுத்திட்டு, எழுத்து பதிஞ்சிருக்கிற பிளேட்டைத் துடைச்சுப் பாத்தான். பிளேட்டுல 412தான். நம்பினா நம்புங்க, பிளேட்டுல இல்லாதது பேப்பர்ல எப்படி விழும்?

"ஏக்கா, ஒரு ஆளு ஊரைக் காலி பண்ணிட்டாரு போல"ன்னு அவன் கேலி பண்ணினான். எனக்குச் சிரிப்பு வரல. குனிஞ்சு பாத்தா ஓகே ஷீட்டுலயும் 411. அதுக்கு மேல பச்சை மையில மொதலாளி கையெழுத்து அப்படியே இருக்கு.

மொதலாளி வந்தார். நான் ஷீட்டை மாத்தி வச்சு, அவர் கையெழுத்தையும் போட்டுட்டேனாம்.

"ஏம்மா, என் கையெழுத்துப் போடவும் படிச்சிட்டீகளோ?"

எல்லார் முன்னாடியும் கேட்டார். நாலு பேர் இருந்தா எனக்கு வாயே வராது. பிளேட்டைப் பாருங்கன்னுகூடச் சொல்ல முடியல. மாரியப்பன் கையைத் துணியில துடைச்சுக்கிட்டே நின்னான். அடிச்சதையெல்லாம் ஓரமா அடுக்கச் சொல்லிட்டு, நாளையில இருந்து வரவேண்டாம்னுட்டார். பதினெட்டு வருசத்துல நான் பாத்து விட்டது ஒண்ணு தப்பாப் போனதில்ல. அதை ஒருத்தரும் நெனைக்கல.

மூணாம் நாள் மாரியப்பன் வீட்டுக்கு வந்து, மொதலாளி கூப்பிடுறார்னான். அந்தச் சமையல்காரர் போன் பண்ணி, ஊர்ல ஒரு பெரியவர் இறந்துட்டார், நம்பரை 411ன்னு மாத்திருங்கன்னு சொன்னாராம். இறந்தது என்னைக்குன்னு கேட்டேன். நான் ஷீட்டை உருவின அன்னைக்குத்தான்.

போனேன். மன்னிப்பா கேட்டார்? "வாங்க, அடிச்சு வச்சதே சரியாப் போச்சு, பாத்துக் கட்டுங்க"ன்னார், அம்புட்டுதான். நிமிந்துகூடப் பாக்கல. அந்தக் கையெழுத்தை நான் போட்டேனா, அவர் போட்டாரா?

ஷீட்டுகளைத் தட்டி நேராக்கிக் கட்டினேன். கடைசிக் கட்டுல மேல இருந்ததைப் பாத்தேன். 410. அடியில இருந்து ஒண்ணை உருவினேன். அதுலயும் 410.

மொதலாளி பத்தடி தள்ளித்தான் உக்காந்திருந்தார். அந்தச் சமையல்காரருக்கு ஒரு போன் போட்டு, ஊர்ல யாருக்காவது முடியலையான்னு கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா மறுபடியும் நான்தான் மாத்தினேம்பாங்க. போங்கடான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, பேப்பரைச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டேன். மறுநாளே லோடு போயிருச்சு.

ரெண்டாவதா குறைஞ்ச அந்த ஒரு ஆள் யாருன்னு நான் யார்கிட்டயும் கேக்கல. நம்பர் மாறினதைக்கூட விட்டுத் தள்ளிருவேன். அந்தக் கட்டைக் கட்டுறப்ப என் கை கொஞ்சங்கூட நடுங்கல. அதை நெனைச்சாத்தான் இப்பவும் எனக்குப் பயமா இருக்கு.