தூக்கிப் பிடிக்காத பயிர்

விவசாயப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான். டெல்டாவில் மழை கொட்டி சம்பா மூழ்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுகிய பயிரைப் பிடுங்கி, கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொல்வோம். முகம் வாடியிருந்தால் இன்னும் நல்லது.

திருவாரூர் பக்கம் ஒரு வயலில், முழங்கால் சேற்றில் நின்ற செல்வி என்ற விவசாயியிடமும் அதையே கேட்டேன்.

"மாட்டேன்" என்றார்.

"நிவாரணம் கிடைக்க உதவும்க்கா."

"வருசா வருசம் இதையே எடுக்குறீங்க. பாக்குறவங்க இங்க ஒண்ணுமே விளையாதுன்னு நெனைக்க மாட்டாங்களா? அப்ப உங்க வீட்டுச் சோறு எங்கேருந்து வருது?"

அவர் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அப்போதுதான் கவனித்தேன். தண்ணீரை வடித்துவிட்டு, பயிர் செத்த இடங்களில் புது நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்கணும்னா இதை எடுங்க."

எடுத்து அனுப்பினேன். ஆசிரியர் போனில் கத்தினார்: "அழுகின பயிர் எங்கய்யா?"

"வயல்லயே கெடக்கு சார். அதுதான் வேணும்னா வேற ஆளை அனுப்புங்க."

படம் பத்திரிகையில் வரவில்லை. வராமல் போகட்டும்.

தை மாதம், யாரும் அனுப்பாமல் நானே அந்த வயலுக்குப் போனேன். அறுவடை. வரப்பில் கேமராவோடு நின்றது நான் மட்டும்தான். செல்வியக்கா என்னைப் பார்த்தார். கேட்காமலே, கை நிறையக் கதிரை அள்ளித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

அதையும் அனுப்பினேன். "இதுல என்னய்யா செய்தி?" என்றார் ஆசிரியர்.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.